புயலுக்கு முதுகு காட்டிய வேன்

தம்பிக்கு ஒரு மனக்குறை உண்டு. நேற்று இன்று வந்ததல்ல, வருஷக்கணக்காக உள்ளேயே கிடந்து புளித்துப்போன குறை. அக்காவை ஏற்றிக்கொண்டு அவன் எத்தனையோ புயலுக்குப் போயிருக்கிறான். இடி, மின்னல், ஆலங்கட்டி, சூறைக்காற்று என்று வானத்தில் நடக்கிற அத்தனை கூத்துக்கும் வண்டி ஓட்டியிருக்கிறான். ஆனால் ஒன்றைக்கூட நேருக்கு நேர் பார்த்தது கிடையாது. பார்த்ததெல்லாம் வேனின் பக்கக் கண்ணாடியில்தான், உள்ளங்கை அகலத்துக்கு. சினிமாவுக்குக் கூட்டிப்போய் வெளியே சைக்கிளுக்குக் காவல் வைத்த மாதிரி.

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவன். முன்மண்டை வழுக்கை, மீசை முக்கால்வாசி நரை. அக்கா தம்பி என்று கூப்பிட்டாள், அதைக் கேட்டு வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டார்கள், அதைக் கேட்டுத் தெருவே கூப்பிட்டது. அவன் மகன் வயசுள்ள லாட்ஜ் மேனேஜர்கூட, "தம்பி, ஷீட் வந்துருச்சா?" என்றுதான் கேட்பார். அக்காவும் அப்படித்தான், ஊருக்கே அக்கா.

அக்கா லாண்ட்ரி வைத்திருக்கிறாள். முன்பக்கம் ஒரு நீள அறை. ஜன்னல் ஓரம் இஸ்திரி மேசை, அங்கே அக்கா புருஷன், அதாவது மாமா, நாள் முழுக்க நின்று தேய்த்துக்கொண்டே தெருவில் போகிற வருகிறவர்களுக்கு விமர்சனம் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே இரண்டு பெரிய மெஷின்கள் உருண்டுகொண்டிருக்கும். பின்னால் முற்றம், அதில் குறுக்கும் நெடுக்கும் கொடி. நாலைந்து லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் இங்கேதான் வெளுக்கின்றன. கொண்டுவருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் தம்பி, தன் வெள்ளை வேனில்.

துணி காயப் போட்டுப் பிழைக்கிறவள் வெயிலைத்தானே கும்பிட வேண்டும்? அக்காவுக்கு மேகம் கறுத்தால்தான் முகம் வெளுக்கும்.

இந்தப் பைத்தியம் தொடங்கியது ஒரு கோடை மதியத்தில். கொடி நிறைய ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு காற்று வந்து ஒரு விரிப்பைக் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு போனது. அக்கா அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். விரிப்பு சுவரைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது, கடைசி வீட்டுக்கு அப்பால் இருக்கும் வெட்டவெளிக்கு மேலே ஏறியது. அண்ணாந்து பார்த்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். விரிப்புக்குப் பின்னால் வானம் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மேகம், அடிப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் கோபுரம் கோபுரமாக, உள்ளே மின்னல் நடமாட நின்றுகொண்டிருந்தது. தொப்பலாக நனைந்து அக்கா வீடு திரும்பினாள். விரிப்பு திரும்பவில்லை.

"ஷீட்டு போனா போகுது. அன்னிக்குப் பறந்து போன புத்தியும் இன்னும் திரும்பி வரலை," என்பார் மாமா.

அதிலிருந்து அக்கா புயலைத் தேடிப் போக ஆரம்பித்தாள். ரேடியோவில் வானிலை கேட்பாள், போனில் மேகப் படம் பார்ப்பாள், மாடிக்கு ஏறிக் காற்றை முகர்வாள். முக்கால்வாசி தப்பாகத்தான் போகும். "இன்னிக்கு நிச்சயம் கொட்டும்" என்று அக்கா சொன்னால் தெருவில் உள்ளவர்கள் தைரியமாகத் துணி காயப் போடுவார்கள். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமே கிடையாது. "வரலைன்னா என்ன, நல்லா காத்தாட உக்காந்துட்டு வந்தோம்ல?" என்பாள்.

வானத்துக்கு அவள் வைத்திருந்த பேரெல்லாம் லாண்ட்ரிப் பேர்தான். முன்னால் சுருண்டு வரும் மேகம் 'மடிப்பு'. கீழே குண்டு குண்டாகத் தொங்குவது 'மூட்டை'. ஆலங்கட்டி விழும் இடம் தூரத்தில் வெளுத்துத் தெரியுமே, அது 'வெள்ளைத் திரை'. மேகமே சுற்ற ஆரம்பித்துவிட்டால் 'டிரம் ஓடுது'. டிரம் ஓடினால் அதற்குமேல் பேச்சில்லை, கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்புவதற்காகத்தான் அந்தச் சட்டம். வண்டியை எப்போதும் புயலுக்கு முதுகு காட்டித்தான் நிறுத்த வேண்டும், மூக்கு ஊரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டிரைவர் சீட்டை விட்டு இறங்கவே கூடாது. அக்கா வேனின் பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து, நடுவில் நின்றுகொள்வாள். கதவுகள் இரண்டு பக்கமும் காற்றைத் தடுக்கும். ஆனால் குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி, பக்கவாட்டில் என்ன வருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. அதைத் தம்பி கண்ணாடியில் பார்த்துக் கத்த வேண்டும்.

"வலது பக்கம் இருட்டுதுக்கா!"

அவன் முகம் ஊரைப் பார்த்து, அக்கா முகம் புயலைப் பார்த்து. அவனுக்கு வலது என்றால் அவளுக்கு இடது. அக்கா அதை மனசுக்குள்ளேயே மாற்றிக்கொள்வாள். பழகிப் பழகி, மாற்றுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தம்பியின் வலது என்றால் டிரைவர் சீட்டின் வலது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை அவன் வாய்விட்டுக் கேட்டான். "அக்கா, நானும் ஒரு நிமிஷம் இறங்கிப் பாக்கட்டுமா?"

"ஏன், கண்ணாடியில தெரியலையா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தம்பி பேச்சை வளர்க்கிற ஆளில்லை. ஒரு வார்த்தையில் முடிகிற பதிலை அரை வார்த்தையில் முடிப்பவன். ஆனால் உள்ளே அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

மாமா ஒரு யோசனை சொன்னார். "உங்க அக்காளை வண்டி ஓட்டக் கத்துக்கச் சொல்லு, மாப்ள. அவ சீட்டுல, நீ பின்னாடி."

அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "நான் ரோட்டைப் பாத்துட்டிருந்தா வானத்தை யாரு பாக்கிறது?"

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. மேகத்தின் ஓரமெல்லாம் மழுங்கிப்போய் எல்லாம் ஒரே கலங்கலாகத் தெரிகிறது என்றாள். டாக்டர் ஆபரேஷன் செய்துவிட்டு, கண்ணின்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டி அனுப்பினார். குனியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, தூசியும் காற்றும் ஆகவே ஆகாது. மாமா இஸ்திரிப் பெட்டியை ஆறப் போட்டுவிட்டு, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு எதுக்குய்யா காவல்?"

"ஜன்னல் வழியா குதிச்சாலும் குதிப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?"

வானத்துக்கு அக்காவின் மேல் என்ன கோபமோ, அந்த வாரம்தான் அது வந்தது. மதியம் ரேடியோ சொன்னது, போன் சொன்னது, இந்தத் தடவை முற்றத்தில் கொடி கட்டிய கம்பமே சொன்னது, அப்படி ஒரு காற்று. மாமா போனிலிருந்த மேகப் படத்தைப் பார்த்து வாசித்தார். "ஏரிக்கு அந்தப் பக்கம் சிவப்பா ஒண்ணு இருக்கு. நடுவுல கருஞ்சிவப்பு. ஆட்டு ஈரல் மாதிரி."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். மாமா தோளைப் பிடித்து அமுக்கினார். அக்கா கொஞ்சநேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "டேய் தம்பி!" என்று வீடே அதிரக் கத்தினாள்.

தம்பி லாட்ஜுக்குப் போக வேண்டிய மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"நீ போ."

"லாட்ஜுக்கா?"

"ஏரிக்குடா. எண்ணெய் மில்லுக்குப் பின்னாடி, நம்ம வழக்கமா நிக்கிற சந்து. வண்டியைத் திருப்பி நிறுத்து. போன்ல எனக்கு ஒண்ணு விடாம சொல்லு."

"ஷீட்டு?"

"ஷீட்டு எங்க ஓடிப் போகுது?"

தம்பி வேனை எடுத்தான். அந்தச் சந்து ஏரிக்கரையில் முட்டிக்கொண்டு நிற்கும். வேனைத் திருப்பி, பின்பக்கம் ஏரியைப் பார்க்க நிறுத்தினால், மூக்குக்கு நேரே கொஞ்ச தூரத்தில் பெரிய சாலை. அதில் இடது பக்கம் திரும்பினால் செங்கல் சூளை வழியாக ஊர். வலது பக்கம் திரும்பினால் ரயில்வே கேட் வழியாக ஊர். எந்தப் பக்கம் புயல் இல்லையோ அந்தப் பக்கம் ஓட வேண்டியது.

அவன் சட்டப்படியே நிறுத்தி, இருக்கையைத் தாண்டி உள்ளே போய்ப் பின்கதவுகளைத் தள்ளித் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தான். இன்ஜின் ஓடியது. கண்ணாடியில் ஏரியும் அதற்குமேல் இருட்டும் உள்ளங்கை அகலத்தில் தெரிந்தன.

"என்னடா தெரியுது?" போனில் அக்கா.

"கறுப்பா இருக்குக்கா."

"கறுப்புன்னா? குடைக் கறுப்பா, தார்க் கறுப்பா? உன்கிட்ட கேட்டேன் பாரு!"

"நீலம் கூடிப்போன ஷீட்டு மாதிரி."

"ஆங், அப்படிச் சொல்லு. மடிப்பு இருக்கா?"

தம்பி கழுத்தை வளைத்தான். கண்ணாடியை ஆட்டிப் பார்த்தான். மடிப்பு முழுசாகத் தெரியவில்லை, ஒரு மூலைதான் தெரிந்தது. பின்னால் திறந்த கதவுகளுக்கு நடுவே அக்கா நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. சட்டம் போட்டவள் வீட்டில் கட்டிலில் கிடக்கிறாள். பார்க்கிறதுக்கு ஓர் ஆள் இல்லை.

தம்பி கைபிரேக்கை இழுத்துவிட்டு, திருடன் மாதிரி கதவைத் திறந்து, இறங்கினான்.

வேனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றதும் அவனுக்கு வாய் திறந்துகொண்டது. கண்ணாடி இத்தனை வருஷமாக அவனிடம் பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையில் கால் பங்கைக்கூடச் சொல்லவில்லை. ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, யாரோ ஒரு ராட்சசப் போர்வையை உதறி மடித்த மாதிரி மேகம் உருண்டு வந்தது. அதன் கீழே தண்ணீர் பச்சையாக மாறியிருந்தது. மின்னல் அடிக்கும்போது மேகத்துக்கு உள்ளே அறை அறையாகத் தெரிந்தது, விளக்குப் போட்டு அணைக்கிற பெரிய லாட்ஜ் மாதிரி.

"என்னடா, இருக்கியா?"

"இருக்கேன்," என்றான். "மடிப்பு இருக்கு. மூட்டை இருக்கு. எல்லாம் இருக்குக்கா."

"டிரம் ஓடுதா?"

மேகத்தின் அடிவயிறு மெதுவாக, சோம்பலாகச் சுற்றியது. "ஓடுது."

"அப்ப கிளம்பு! வெள்ளைத் திரை எந்தப் பக்கம்?"

தம்பி கதவைத் தாண்டி எட்டிப் பார்த்தான். அவனுடைய வலது கைப்பக்கம் ஏரிக்குமேல் வெள்ளையாக, பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. "வலது பக்கம்!"

"வலதா? அப்ப இடது பக்கம் திரும்பு. சூளை வழியா ஓடி வந்துரு!"

தம்பி ஓடினான், ஏறினான், பின்கதவுகள் அடித்துக்கொள்ள வேனைக் கிளப்பினான். பெரிய சாலையில் இடது பக்கம் திரும்பினான். அக்கா இடது என்றால் இடது. இத்தனை வருஷத்தில் அக்கா சொன்ன பக்கம் திரும்பி அவன் ஒரு சொட்டு நனைந்ததில்லை.

சூளையின் புகைபோக்கி தெரிந்தபோது வேனின் கூரையில் 'டொக்' என்றது. அப்புறம் இன்னொரு 'டொக்'. அப்புறம் யாரோ ஒரு லாரி ஜல்லியைத் தலையில் கொட்டினார்கள்.

"அக்கா! இங்கதான் கொட்டுது!"

"எப்படிடா கொட்டும்? வலது பக்கம்னு சொன்னியே!"

"வலது பக்கம்தான்!"

"யாருக்கு வலது?"

அவன் ஏரியைப் பார்த்து நின்ற இடமும், ஊரைப் பார்த்து உட்கார்ந்த இடமும், திரும்பின பக்கமும் மண்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

"டேய்..." அக்காவின் குரல் மெதுவாக வந்தது. "நீ வண்டியை விட்டு இறங்கிட்டியா?"

முன்கண்ணாடியில் ஒரு கல் விழுந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடியது. போன் இணைப்பு அறுந்தது.

சூளை முற்றத்துக்குள் வேனைத் திருப்பி நிறுத்திவிட்டு, தம்பி இருக்கையைத் தாண்டிப் பின்பக்கம் தாவினான். லாட்ஜ் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, ஒரு மூட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டான். கஞ்சி வாசம் அடித்தது. பின்கதவு ஒன்று காற்றில் திறந்து திறந்து மூடியது. அவன் காலால் அதை உதைத்துத் திறந்து வைத்தான். பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு தடவை தப்பு செய்தாகிவிட்டது, இனி கண்ணை மூடிக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

வெளியே எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாக விழுந்தது. தரையில் விழுந்தவை முழங்கால் உயரத்துக்குத் துள்ளின. அடுக்கி வைத்த செங்கல்லெல்லாம் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டன. ஒரு சூளை அன்றைக்குத்தான் பிரித்தது போல, இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் விழுந்த ஒவ்வொரு கல்லும் 'புஸ்' என்றது. சூளை முழுக்க ஆவி கிளம்பி, இஸ்திரி மேசை மாதிரி புகைந்தது. மாமா பார்த்தால் தண்ணீர் அதிகம் தெளித்துவிட்டாய் என்று சொல்லியிருப்பார். தம்பி மூட்டைக்குள் படுத்தபடி சத்தம்போட்டுச் சிரித்தான். அவன் சிரித்தது கூரைச் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை.

வந்த வேகத்திலேயே அது போனது. அவன் இறங்கி, காலடியில் நொறுங்குகிற பனிக்கட்டியில் நின்று, ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த மேகத்தை முதுகுப்பக்கமாகப் பார்த்தான். வெயில் பட்டு அதன் கோபுரமெல்லாம் வெளுத்துக் காய்ந்த துணி மாதிரி பளிச்சென்று இருந்தது. யாரும் அவனை வண்டியில் ஏறச் சொல்லவில்லை. வேண்டுமட்டும் பார்த்தான்.

பிறகு ஒரு பெரிய கல்லாகப் பொறுக்கி, லாட்ஜ் துண்டு ஒன்றில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

லாண்ட்ரி வாசலில் லாட்ஜ் மேனேஜர் நின்றிருந்தார். வேனின் கூரையைப் பார்த்தார், முன்கண்ணாடியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"தம்பி, ஷீட்டு...?"

"இருக்கு. மேல நான் படுத்திருந்தேன், அவ்வளவுதான்."

உள்ளே அக்கா ஒற்றைக் கண்ணால் அவனை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். கை கால் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் கோபத்தை எடுத்தாள்.

"இறங்கினியா?"

"இறங்கினேன்."

"சட்டம் என்ன?"

"டிரைவர் இறங்கக் கூடாது."

"அப்புறம் எதுக்குடா இறங்கின? மண்டை உடைஞ்சிருந்தா உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தம்பி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இத்தனை வருஷமா இவ்வளவுதான்கா பாத்தேன்," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "நீ முழுசா பாத்த. நான் இவ்வளவு."

அக்கா அந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ஒரு தடவை கேட்டேன். கண்ணாடியில தெரியலையான்னு கேட்ட."

"நான் ஒண்ணு கேட்டா, அதோட விட்டுருவியா? ஆம்பளைதானே, சண்டை போட வேண்டியதுதானே?"

"உன்கிட்டயா?" என்றார் மாமா. "நானே போடல."

அக்கா முறைத்தாள். ஆனால் ஒற்றைக் கண்ணால் முறைப்பது அவ்வளவாக எடுபடவில்லை. தம்பி துண்டைப் பிரித்தான். உள்ளே கல் நெல்லிக்காய் அளவுக்குக் கரைந்திருந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மூடி இல்லாத கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"தண்ணி படக் கூடாது!" மாமா எழுந்தார்.

"சும்மா இருய்யா. வளையம் வளையமா இருக்கு பாரு." கையை மூடிக்கொண்டாள். "வெள்ளைத் திரைக்குள்ள நான் போனதே இல்லைடா. ஒரு தடவைகூட. உள்ள எப்படி இருந்துச்சு?"

தம்பி சொன்னான். முதலில் "பெருசா இருந்துச்சு" என்றான். அக்கா விடவில்லை. அப்புறம் ஏரி பச்சையானது, மேகத்துக்குள் லாட்ஜ் மாதிரி விளக்கு எரிந்தது, சூளை புகைந்தது, மூட்டைக்குள் கிடந்து சிரித்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. அவன் இவ்வளவு பேசி மாமாவே கேட்டதில்லை. மேனேஜர் வாசலில் ஷீட்டை மறந்து நின்றார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் விரல் இடுக்கில் கல் கரைந்து, புறங்கை வழியாக முழங்கைக்கு ஓடியது.

எல்லாம் சொல்லி முடித்துத் தம்பி மூச்சு வாங்கினான். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, மண்டை நிறையக் குழி விழுந்து நின்ற வேனைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"டேய் தம்பி."

"என்னக்கா?"

"டாக்டர் இந்த மூடியை எடுக்கட்டும். எடுத்த மறுநாளே என்னை வெட்டவெளிக்குக் கூட்டிட்டுப் போய் வண்டி ஓட்டச் சொல்லிக் குடு. ஒரு புயலுக்கு நான் பின்னாடி நிக்கிறேன், அடுத்ததுக்கு நீ நில்லு."